இரண்டாம் தடவை கேட்கவில்லை

விசா வந்த அன்றிலிருந்து வாலு வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

கறுப்பு ஷூ, தாழ்ந்த குதிகால், புதுத் தோல். புது ஷூவோடு போய் இறங்கினால் முதல் வாரமே குதிகால் கொப்புளித்துவிடும், வீட்டிலேயே போட்டுப் பழக்கி எடுத்துப் போங்கள் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்டாலே ஆகாது. இந்த ஷூவோ ஹாலுக்கும் சமையலறைக்குமாக டக் டக்கென்று கொடி அணிவகுப்பு நடத்தியது.

"ஏண்டி, அடுப்படிக்குள்ள ஷூவோடயா வருவ?"

"நான் எங்கேம்மா வர்றேன்? ஷூவைப் பழக்கிட்டிருக்கேன்."

"ஆமா, நாய்க்குட்டி பாரு, பழக்குறதுக்கு!"

வாலு அந்த வீட்டின் கடைக்குட்டி. ஓட்டல் நிர்வாகம் படித்தாள். படிப்பின் கடைசி வருடம் வெளிநாட்டில் ஒரு பெரிய ஓட்டலில் வேலைப் பயிற்சி. முதலில் எல்லாரையும் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில்தான் போடுவார்கள். அதற்கப்புறம் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவரை ரிசப்ஷனுக்கு எடுப்பார்கள். மற்றவர்களுக்குத் துணிக்கிடங்கு, சலவை, சரக்கறை என்று எங்கே ஆள் குறைவோ அங்கே.

வாலுவுக்கு ரிசப்ஷன் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். வாசல் மணி அடித்தால் முதலில் ஓடுகிறவள் அவள்தான். போன் அடித்தாலும் அவள்தான். ராங் நம்பர் ஆளிடம்கூடக் குடும்பம், உடல்நலம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள். புதுசாக யார் வந்தாலும் அவர்கள் முகத்தில் பயணக் களைப்பு போய்ச் சிரிப்பு வருகிறதா என்று பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ருசி.

"உன்னை ரிசப்ஷன்ல நிறுத்தினா வெளங்கிடும்," என்றான் அண்ணன். "சாவி வாங்க வந்தவங்க நீ பேசி முடிக்கறதுக்குள்ள லீவு முடிஞ்சு ஊருக்கே திரும்பிடுவாங்க."

"நீ வந்தா சாவியே தர மாட்டேன். வாசல்லயே நிப்ப."

ஒத்திகை வீட்டிலேயே நடந்தது. அப்பா வயரிங் வேலை செய்கிறவர். மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவரைப் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெளியே நின்று விரல் முட்டியால் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்!" என்று குரல் கொடுத்தாள்.

"உள்ள வாம்மா."

"அப்பா! கெஸ்ட் யாரும் 'வாம்மா'ன்னு கூப்பிட மாட்டாங்க."

"நான் மரியாதை தெரிஞ்ச கெஸ்ட்."

அடுத்து அண்ணன், கோபக்கார விருந்தாளி. குளியலறை வாசலில் துண்டோடு நின்று உறுமினான். "என்ன ஓட்டல் இது? தண்ணி சுடவே இல்ல! மேனேஜரைக் கூப்பிடு!"

வாலு இடுப்பை லேசாக வளைத்து, "மன்னிக்கணும் சார், உடனே ஆள் அனுப்பறேன்," என்றாள்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நிஜமாவே சுடலையா? உங்கப்பாகிட்டச் சொல்லு. ஊர் வீடெல்லாம் ஹீட்டர் மாட்டறாரு, இந்த வீட்டு ஹீட்டரைத் தொட மாட்டேங்கறாரு."

மரியாதை தெரிந்த விருந்தாளி சத்தமில்லாமல் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

அம்மாவும் தன் பங்குக்குப் பாடம் எடுத்தாள். ஓட்டல் பாடம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது மானம், மரியாதை.

"இங்க பாரு. போற இடத்துல யார் எதைக் குடுத்தாலும் உடனே கையை நீட்டாதே. பறக்காவெட்டி மாதிரி இருக்கும். வேண்டாம்னு சொல்லு. குடுக்கணும்னு மனசுள்ளவங்க மறுபடி கேப்பாங்க. அப்பவும் வேண்டாம்னு சொல்லு. அப்புறமும் கேட்டா வாங்கிக்கோ."

அந்தக் குடும்பத்தின் சட்டம் அது. யார் வீட்டுக்குப் போனாலும் காபி கேட்பார்கள். "இப்பதாங்க குடிச்சோம்" என்பாள் அம்மா. மறுபடி கேட்பார்கள், "எதுக்குங்க சிரமம்?" என்பார் அப்பா. இன்னொரு தடவை கேட்டால் எல்லாரும் ஒரே குரலில், "சரி, பாதி டம்ளர்." முழு டம்ளர் வரும், குடிப்பார்கள். இந்தச் சட்டத்தால் நஷ்டமும் உண்டு. அண்ணனுக்குப் பெண் கொடுக்க ஒரு நல்ல இடத்திலிருந்து கேட்டு வந்தபோது, மனசுக்குள் குதித்துக்கொண்டே, "இப்ப என்னங்க அவசரம்?" என்று மரியாதைக்குச் சொன்னாள் அம்மா. அவர்களுக்கு அவசரம்போல. வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அண்ணன் அதை இன்னும் சொல்லிக் காட்டுவான்.

பெட்டியை எடை பார்த்தது தனிக் கூத்து. அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏற, அப்பா குனிந்து முள்ளைப் படித்து, "பெட்டி அதிகமில்ல, உன் பையன்தான் அதிகம்" என்று அம்மாவிடம் புகார் செய்தார். பெட்டியிலிருந்து பலகாரப் பொட்டலம் ஒன்றை வாலு வெளியே எடுத்தால், மறுபக்கம் அம்மா இரண்டைச் சொருகினாள். ஒரு வழியாகப் பெட்டி மூடியது. விமான நிலையத்தில் எல்லாரும் அழாமல் சமாளித்தார்கள். அண்ணனால் மட்டும் முடியவில்லை.

*

ஓட்டல் ஊழியர் விடுதியில் அவளுக்குக் கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு நாற்காலி. மூன்றுக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்பிப் பார்க்க இடம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சலவைப் பிரிவின் புகைபோக்கி. அதிலிருந்து சோப்பு வாசனையோடு வெதுவெதுப்பான காற்று வரும். வாலுவுக்கு அறை பிடித்துப்போனது. பக்கத்துக் கட்டிலில் அண்ணன் குறட்டை இல்லாமல் தூங்குவது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

அங்கே வேலை செய்தவர்கள் பல தேசத்துக்காரர்கள். ஆளுக்கொரு இங்கிலீஷ் பேசினார்கள். ஒருத்தர் இலக்கணம் இன்னொருத்தருக்கு ஒத்துவராது. ஆனால் பேசுவது எல்லாருக்கும் புரிந்தது; நாம் அதைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அறைப் பிரிவின் தலைவி இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு நடப்பார். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். வாலு மனசுக்குள் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர் வைத்துவிட்டாள். அவளோடு பயிற்சிக்கு வந்தவன் வேறு தேசத்துப் பையன். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவான். அவனுக்கு என்ன பெயர் வைத்திருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. நெட்டை அதிகம் பேச மாட்டான். பேசினால் காது சிவந்துவிடும்.

முதல் நாள் மதியம் ஊழியர் உணவுக்கூடத்தில் வரிசை. சமையற்காரி கரண்டியை உயர்த்தி, "சூப்?" என்றாள்.

நல்ல பசி. சூப்பின் ஆவி மூக்குக்குள் புகுந்து கூப்பிட்டது. வாலு அழகாகச் சிரித்து, "இல்ல, வேண்டாம், பரவாயில்ல," என்றாள். கிண்ணத்தை மட்டும் பாதி நீட்டியபடியே வைத்திருந்தாள்.

கரண்டி அவளைத் தாண்டிப் போய் நெட்டையின் கிண்ணத்தில் கவிழ்ந்தது.

வாலு நின்றாள். மறந்திருப்பாள், திரும்பிக் கேட்பாள் என்று நின்றாள். பின்னால் இருந்தவர் தோளைத் தொட்டு, "நகரும்மா," என்றார்.

அன்றைக்கு ரொட்டியைத் தின்றபடி நெட்டை சூப் குடிப்பதை வேடிக்கை பார்த்தாள். மாலையில், "கோழி?" என்றாள் சமையற்காரி. "ஐயோ, எனக்கெதுக்கு?" என்று தொடங்குவதற்குள் கோழி அடுத்த தட்டுக்குப் பறந்துவிட்டது. மறுநாள் மதியம் வயிறு வாயை முந்திக்கொண்டது. "சூப்?" என்ற சொல் முடியுமுன், "வேணும்!" என்றாள். சமையற்காரி ஊற்றினாள். சும்மா ஊற்றினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பறக்காவெட்டி என்று யார் கண்ணிலும் எழுதியிருக்கவில்லை.

வாலு ஒரு பாடம் படித்துக்கொண்டாள். அது சூப்புக்கும் கோழிக்கும் மட்டும் உள்ள பாடம் என்று நினைத்துவிட்டாள், அதுதான் சிக்கல்.

வேலை முதுகை ஒடித்தது. தள்ளுவண்டியில் விரிப்பு, துண்டு, குட்டிக் குட்டிச் சோப்பு. ஒவ்வொரு அறையாகத் தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டி, நுழைந்து, பழைய விரிப்பை உருவி, புதியதை உதறிப் போட்டு, மூலையைக் கடித உறைபோல மடித்துச் சொருக வேண்டும். குழாயில் தண்ணீர்த் துளியின் தடம்கூடத் தெரியக் கூடாது. கடைசியில் உள்மூலையிலிருந்து வாசல்வரை, தன் கால்தடத்தைத் தானே அழித்தபடி, கம்பளத்தைத் தூசி உறிஞ்சிக்கொண்டே வெளியேற வேண்டும். சாவிக்கொத்து வந்து கதவு நிலையின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார். தூசி இருந்தால் அந்த விரலை வாலுவின் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"இது என்ன?"

"தூசி மேடம்."

"இது எங்க இருக்கணும்?"

"மெஷினுக்குள்ள மேடம்."

"அப்ப ஏன் என் விரல்ல இருக்கு?"

வாலுவுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஒரே குறை, வேலை பூரா ஆளில்லாத அறைகளில். பேச்சுத் துணைக்குத் தலையணை மட்டும்தான். தாழ்வாரத்தில் யாராவது எதிர்ப்பட்டால், "நல்லாத் தூங்கினீங்களா?" என்று ஒரு வார்த்தையாவது பேசிவிட்டால்தான் அன்றைய பொழுது அவளுக்குச் செரிக்கும்.

அந்த வாய்தான் அவளுக்கு வாசலைத் திறந்தது. ஒரு நாள் காலை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. ஒரு பெண் கதவை அடித்து அலறும் சத்தம் கேட்டு வாலு தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடினாள். ரிசப்ஷனுக்குப் போன் செய்தாள். மெக்கானிக் வர நேரமாகும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். லிஃப்ட் கதவில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள்.

"பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க. நான் இங்கேயேதான் நிக்கறேன். உள்ள யார் யார் இருக்கீங்க? குழந்தையா? என்ன வயசு? பல்லு விழுந்துடுச்சா? எத்தனை? எங்கண்ணனுக்கு முன் பல்லு விழுந்தப்ப அவன் என்ன பண்ணான் தெரியுமா..."

அண்ணனின் பல், அப்பாவின் ஹீட்டர், தன் ஷூ என்று குடும்பக் கதை முழுவதும் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. மெக்கானிக்கோடு ரிசப்ஷன் மேனேஜர் வேகமாகப் படியேறி வந்தபோது லிஃப்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது, "அந்தக் குரல் யாரோடது?"

மேனேஜர் வாலுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் துணிக்கிடங்குக்கே வந்துவிட்டார். வாலு துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சுருக்கமாகப் பேசுகிற மனிதர்.

"ரிசப்ஷன்ல பயிற்சிக்கு ஒரு இடம் இருக்கு. நேத்து நீங்க பேசினதைக் கேட்டேன். உங்களுக்கு வேணுமா?"

இதற்காகத்தானே ஷூவைப் பழக்கினாள்! இதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தாள்! முகம் முழுக்க வெளிச்சம் பரவ, துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அம்மா பெற்ற பிள்ளையாக அவள் சொன்னாள்:

"ஐயோ சார், எனக்கெல்லாம் எதுக்கு? என்கூட வந்தாரே, நெட்டையா ஒருத்தர், அவருக்குக் குடுங்க. அவர் ரொம்ப நல்லாச் செய்வாரு."

"அப்படியா? சரி. வெளிப்படையாச் சொன்னதுக்கு நன்றி," என்றார் மேனேஜர். வெளியே போய்க் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

வாலு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதோ திரும்புவார். நாலு எட்டு போய் யோசித்துத் திரும்புவார். கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கதவு திறந்தது. சாவிக்கொத்து நின்றார்.

"ஒரு துண்டை எத்தனை தடவை மடிப்ப?"

அன்று மாலைவரை காரணமே இல்லாமல் ரிசப்ஷன் பக்கம் போய்வந்தாள். ஒரு தடவை பூந்தொட்டியைத் துடைத்தாள். இன்னொரு தடவை துடைத்த தொட்டியையே துடைத்தாள். மேனேஜர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகையோடு தலையசைத்தார். அவ்வளவுதான்.

*

மறுநாள் நெட்டை நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். கை மணிக்கட்டுக்கு மேலேயே கோட்டு முடிந்துவிட்டது. காது இரண்டும் சிவந்திருந்தன.

"எப்படி இருக்கு?"

"ந... நல்லா இருக்கே."

"நீதான் என் பேரைச் சொன்னியாமே. மேனேஜர் சொன்னாரு. உனக்கு வந்த இடத்தை எனக்குக் குடுக்கச் சொன்னியாம். எங்கம்மாகிட்டப் போன்ல சொன்னேன். அழுதுட்டாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணான்னு கேட்டாங்க."

வாலுவால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அன்றைக்கு அவள் தேய்த்த தேய்ப்பில் குளியல்தொட்டிகள் கண்ணாடியாகின. அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சாவிக்கொத்தின் விரலில் தூசி ஒட்டவில்லை. "என்ன ஆச்சு உனக்கு?" என்று அவரே சந்தேகப்பட்டார்.

மதிய இடைவேளையில் விடுதி அறைக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டாள். அங்கே எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நடந்ததைச் சொன்னாள்.

"என் ராசாத்தி!" என்றாள் அம்மா. "கேட்ட உடனே பல்லைக் காட்டிட்டு வாங்கிக்காம இருந்தியே. அதுதான் வளர்ப்பு. சரி, அப்புறம் மறுபடி கேட்டப்ப என்ன சொன்ன?"

"மறுபடி கேக்கவே இல்லம்மா."

அம்மா போனைத் தன் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது.

"கேக்கவே இல்லையா? அது எப்படிக் கேக்காம இருப்பாங்க? என்ன மனுஷன் அவர்?"

"அம்மா, அவர் என்ன நம்ம சித்தப்பாவா, கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்க?" என்றான் அண்ணன். "முதல்ல என் கல்யாணம் போச்சு. இப்ப இவ ரிசப்ஷன் போச்சு. இன்னும் மிச்சம் இருக்கறது அப்பா மட்டும்தான்."

"என்னை ஏண்டா இழுக்கற?" என்றார் அப்பா. "வாலு, நேராப் போய்க் கேளும்மா."

"கேக்கறதா? வாய்விட்டா?" அம்மா பதறினாள். "வேண்டாம்னு சொல்லிட்டுப் போய் வேணும்னு நின்னா என்ன நினைப்பாங்க? கொஞ்சம் பொறு. அந்தப் பக்கமாப் போயிட்டு வந்துட்டு இரு. கண்ணுல பட்டா ஞாபகம் வரும்."

"அதான் பூந்தொட்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டை போடாத குறையாப் பண்ணிட்டேனேம்மா!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று யோசனை சொன்னார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. வாலு, "அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். மேனேஜரிடம் போகலாம், அவமானம்தான், ஒரு நாளில் போய்விடும். ஆனால் நெட்டை? அவன் அம்மா அழுதிருக்கிறாள். அவனுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகப் போய்க் கேட்டால் அது வேறு கணக்கு. அவனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மாலையில் அவன் உணவுக்கூடத்தில் கோட்டைக் கழற்றி மடித்து, நாற்காலியில் பூனையைப் படுக்கவைப்பதுபோல வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாலு எதிரில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அந்த இடத்தை உனக்கு விட்டுக் குடுக்கல. மரியாதைக்கு வேண்டாம்னு சொன்னேன். எங்க வீட்ல முதல் தடவை கேட்டா யாரும் சரின்னு சொல்ல மாட்டோம். மறுபடி கேப்பாருன்னு நெனச்சேன்."

நெட்டை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"அப்ப முதல் நாள் சூப் வேண்டாம்னு சொன்னது?"

"அதுவும்தான்."

"நீ ஏதோ விரதம்னு நெனச்சேன்." தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். "அப்ப எங்கம்மா அழுதது வீணா?"

"வீணில்ல. நீ நல்லாச் செய்வேன்னு சொன்னது பொய் இல்ல. உன் இடம் உன்னோடது, அதை நான் கேக்கல. எனக்கும் அங்க நிக்கணும்னு மேனேஜர்கிட்டச் சொல்லப் போறேன். உனக்குத் தெரியாமப் போகக் கூடாதுன்னு சொன்னேன்."

அவன் தட்டில் இருந்ததைக் கரண்டியால் இப்படியும் அப்படியும் தள்ளினான். வருத்தம்தான். வாலுவுக்கு அது தெரிந்தது. கடைசியில் அவனே சொன்னான். "இன்னிக்கு ஒருத்தர் கவுன்ட்டர்ல வந்து பக்கத்துல பார்க்கு எதுவும் இருக்கான்னு கேட்டாரு. எனக்கு வழி தெரியும். ஆனா வாயைத் திறந்தா வார்த்தை வரல. கம்ப்யூட்டரைத் திருப்பி மேப்பைக் காட்டிட்டேன்." காது சிவந்தது. "போய்க் கேளு. எங்கம்மாகிட்ட மட்டும் நான் எதுவும் சொல்லப் போறதில்ல."

*

ரிசப்ஷனுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் மேனேஜரின் அறை. மறுநாள் வாலு தட்டிவிட்டு உள்ளே போனாள். உட்காரச் சொன்னார். "பரவாயில்ல சார்" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"சார், முந்தாநாள் நீங்க கேட்டப்ப வேண்டாம்னு சொன்னேன். எனக்கு அந்த வேலை வேணும். அப்பவே வேணும்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

சொன்னாள். காபி, பாதி டம்ளர், முழு டம்ளர் எல்லாம் சொன்னாள். அவர் முகத்தில் சிரிப்பும் குழப்பமும் மாறி மாறி வந்தன.

"அதாவது நீங்க 'இல்ல'ன்னா, அதுக்கு 'ஆமா'ன்னு அர்த்தம்."

"ஆமா சார்."

"அப்ப நீங்க 'ஆமா'ன்னா?"

"அதுவும் ஆமாதான் சார்."

"ஒரு நாளைக்கு நான் நூறு பேரை என்ன வேணும்னு கேக்கறேன். ஒவ்வொருத்தரையும் மூணு தடவை கேட்டா நான் எப்ப வீட்டுக்குப் போறது? எனக்கும் வீட்ல ஆள் இருக்காங்க." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அந்த இடம் இப்ப இல்ல. அந்தப் பையனுக்குக் குடுத்தாச்சு. குடுத்ததைப் பிடுங்க மாட்டேன்."

இதற்குப் பதிலாக ஒரு சொல் வாலுவின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. 'பரவாயில்ல சார்.' எத்தனை சுலபமான சொல்! சொல்லிவிட்டால் எழுந்து போய்விடலாம். அவரும் நிம்மதியாக இருப்பார். அம்மாவும் மெச்சுவாள்.

"எனக்கு வருத்தமாத்தான் இருக்கு சார்," என்றாள் வாலு. "பிடுங்க வேண்டாம். ஆனா நான் வந்ததே அந்தக் கவுன்ட்டர்ல நிக்கறதுக்குத்தான். இன்னும் எனக்கு அது வேணும். எப்ப இடம் வந்தாலும் எனக்கு வேணும். அதை உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

மேனேஜர் அவளைப் பார்த்தார். லிஃப்ட் வாசலில் பார்த்த அதே பார்வை.

"சனிக்கிழமை ரெண்டு பஸ் நிறையச் சுற்றுலாக் கூட்டம் வருது. அன்னிக்கு மட்டும் ஒரு கை வேணும். உங்க அறை வேலையை முடிச்சுட்டுத்தான் வரணும். கால் ஒடியும். கூடுதலா ஒண்ணும் கிடைக்காது."

"வரேன் சார்."

"யோசிச்சுட்டு..."

"வரேன் சார்."

*

சனிக்கிழமை சாவிக்கொத்து காலையிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தார். "என் பிரிவுல நல்லா வேலை பழகினா உடனே கீழே இழுத்துக்குவாங்க," என்று முணுமுணுத்தபடியே, வாலுவுக்குக் கிடைத்த நீலக் கோட்டின் நீளக் கையை உள்பக்கம் மடித்து ஊசி குத்திக் கொடுத்தார். தோள் தொளதொளவென்று இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தைபோல இருந்தாள். இருந்தாலும் கோட்டு கோட்டுதான்.

பஸ்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. தூக்கம் கலையாத கூட்டம் பெட்டிகளை உருட்டிக்கொண்டு கூடத்தை நிறைத்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் நெட்டை கம்ப்யூட்டர் முன்னால் நின்றான். விரல்கள் பறந்தன. வாலு சாவி அட்டைகளோடு பக்கத்தில் நின்றாள்.

முதலில் ஒரு அம்மாள் வந்தார். "வாங்க, பயணம் எப்படி இருந்தது?" என்றாள் வாலு. அந்த அம்மாளுக்கும் பேச்சுப் பிடித்தது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சீட்டைச் சாய்த்தது, தன் முழங்கால், மருமகள் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டது என்று விரிந்தது. வாலு மருமகளைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டாள். வரிசை வாசலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

வாலுவுக்குச் சுரீரென்றது. அண்ணன் பார்த்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பான். சட்டென்று அட்டையை அம்மாளின் கையில் வைத்து, "சாயங்காலம் முழங்கால் கதையை முழுசாக் கேக்கறேன், இப்ப போய்ப் படுங்க," என்றாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் ஒரு தாளம் பிடிபட்டது. நெட்டை தலை நிமிராமல் அறையைப் பதிவு செய்வான். வாலு அட்டையைக் கொடுத்து, லிஃப்ட் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, ஒரே ஒரு வார்த்தை பேசி அனுப்புவாள். நடுவில் ஒரு மனிதர் கவுன்ட்டரைத் தட்டினார். தம்பி குடும்பத்துக்கு வேறு மாடியில் அறை கொடுத்துவிட்டார்களாம். பக்கத்து அறைதான் வேண்டும் என்று கத்தினார். நெட்டையின் காது எரிந்தது. வாலு அவர் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"தம்பிக்குக் குழந்தைங்க இருக்கா சார்?"

"நாலு."

"குழந்தைங்க காலைல சீக்கிரம் எழுந்திருக்குமா?"

மனிதர் யோசித்தார். முகம் மெதுவாக மாறியது. "வேற மாடியே இருக்கட்டும்," என்று அட்டையை வாங்கிக்கொண்டு போனார். நெட்டை கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்து குலுங்கினான். அவன் சிரிப்பதை வாலு அப்போதுதான் முதலில் பார்த்தாள்.

கூட்டம் வடிந்தபோது கூடத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை ஒன்றும் ஜன்னல் வெயிலும் மட்டும் இருந்தன. வாலு சுவரில் சாய்ந்து ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். பாதம் இரண்டும் தனித்தனியாக வலித்தன. மேனேஜர் கவுன்ட்டருக்கு வந்தார்.

"முதல் ஆள்கிட்ட ரொம்பப் பேசினீங்க."

"ஆமா சார்."

"அப்புறம் சரியாயிடுச்சு. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்க இங்க. மாசம் முடிஞ்சதும் காலை வேளை அவர், மதியத்துக்கு மேல நீங்க. இவருக்கு வாய் வேணும், உங்களுக்குக் கடிகாரம் வேணும். ரெண்டு பேரும் பார்த்துப் பழகிக்கங்க."

அவர் கண்ணாடி அறைக்குள் போனதும் நெட்டை மெதுவாகச் சொன்னான். "அந்த முழங்கால் அம்மா சாயங்காலம் நிஜமாவே வருவாங்க."

"வரட்டுமே. மருமக கதை பாதில நிக்குது."

கண்ணாடிக் கதவு திறந்தது. வயதான ஒரு கணவனும் மனைவியும், யார் பெட்டியை யார் இழுப்பது என்று தாழ்ந்த குரலில் சண்டை போட்டபடியே வந்தார்கள். வாலு நிமிர்ந்து நின்று, தொளதொளத்த கோட்டை முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. பெட்டியை இங்க வெச்சுட்டு முதல்ல உக்காருங்க."